ஓடியும் நேரம் குறையவில்லையே!

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 34, செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. 10 கிலோமீட்டர் ஓட முதலில் 68 நிமிடம் ஆனது, மளமளவென்று 55க்கு வந்தது, அதோடு சரி, ஒரு வருடமாக அசையவே இல்லை. வாரத்தில் ஐந்து நாள், கோயிலடியிலிருந்து மெயின் ரோடு வரை போய் வருவேன், 8 கிலோமீட்டர். தினமும் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு நாள் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம் தம்பி. நீங்கள் தேங்கி நிற்பதற்கு அந்த 5 நிமிடம் 45 வினாடிதான் காரணம் என்று நினைக்கிறேன். 55 நிமிட ஓட்டக்காரருக்கு அது மெதுவும் இல்லை, வேகமும் இல்லை. தினமும் கொஞ்சம் களைத்துப்போகிறீர்கள், அதனால் உண்மையாகவே வேகமாக ஓட வேண்டிய நாளில் காலில் தெம்பு இருப்பதில்லை. உடம்பும் லேசுப்பட்டது இல்லை, ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் மாதக்கணக்கில் கொடுத்தால் அதற்குத் தேவையான அளவுக்குப் பழகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை அலசிப் பார்த்துச் சொன்னது இதுதான்: பத்துப் பயிற்சியில் எட்டு, மெதுவானவை. 2022இல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடிய கென்ய வீரர் கிப்சோகேகூடப் பெரும்பாலான நாள்களில் அந்த வேகத்தின் பக்கமே போவதில்லை. மெதுவாக ஓடினாலே தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் கூடுகிறது, அதுவும் மறுநாளைக்குக் கால்களைக் கெடுக்காமல்.

அதனால் ஐந்தில் நான்கு நாள், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 வினாடி அல்லது 7 நிமிடம். பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால் நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும், இடையில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மோட்டாரில் போகிற தோட்டத்து ஆட்கள் "என்னடா நடக்கிறியா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். இதில் பலர் தோற்பது காலால் இல்லை, கூச்சத்தால்தான்.

ஐந்தாவது நாள் மட்டும் நிஜமான வேகம். இரண்டு கிலோமீட்டர் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, தார் போட்ட நேர் ரோட்டில் 1 கிலோமீட்டரை 5 நிமிடம் 10 வினாடியில் ஓடுங்கள், அப்புறம் இரண்டரை நிமிடம் மெல்ல ஓட்டம், இப்படி ஐந்து முறை. முதல் வாரங்களில் மூன்று முறை போதும். மழை பெய்த செம்மண் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள், கணுக்கால் போய்விடும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையிலும் வேண்டவே வேண்டாம், தூங்கி எழுந்து மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியின் பலன் உடம்பில் ஏறுவது ஓய்வில்தான்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் எடுங்கள். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், ஆகவே விடியற்காலை ஓடிய நேரத்தையும் மாலை ஐந்து மணிக்கு ஓடியதையும் ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். எட்டு வாரம் கழித்து, அதே ரோட்டில், அதே வேளையில் 10 கிலோமீட்டர் ஓடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பள்ளியில் 1500 மீட்டர் ஓடுகிறாள். இந்த வருடம் நேரம் ஏறிக்கொண்டே போகிறது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்கிறாள். ஆசிரியர் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்யச் சொல்கிறார்.

பதில்: பயிற்சியை ஒரு பக்கம் வையுங்கள் அம்மா, முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மாடிப்படிக்கே மூச்சு வாங்கினால் அது சோம்பல் இல்லை, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மாதவிலக்கு வரும் ஓட்டக்காரப் பெண்களிடம் இது சகஜம். மாதவிலக்கு மூன்று மாதமாக வராமல் இருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் அப்படி நிற்கும்.

பசியாறும்போது ரொட்டி சானாயோடு தே தாரேக் குடிக்கிற பழக்கம் இருந்தால் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. ஈரல், கீரை, பருப்போடு ஒரு கொய்யா சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புக் கையிருப்பு தீர்ந்திருக்கலாம், அதனால் ரத்தம் எடுக்கும்போது அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.