"காணாமல் போனோர்" என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி

சமூகப்பணி முதுகலை முடித்த கையோடு நேபாளத்தின் பர்தியா மாவட்டத்துக்கு வந்து, காணாமல் போனோர் குடும்பங்களோடு வேலை செய்யும் உள்ளூர் மனித உரிமைக் குழு ஒன்றில் ஆறு மாதம் தன்னார்வலராக இருக்கலாமா, செலவு, சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். 2008-இல் இதே கேள்விகளோடு திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, பர்தியாவுக்குப் பக்கத்து எல்லை நகரமான நேபால்கஞ்சில் வந்து இறங்கியவள் நான். இங்கேயே தங்கிவிட்டேன்.

சாப்பாடு, செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பருப்பும் சோறும் இரண்டு வேளையும் கிடைக்கும். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். அரசுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் 2006 நவம்பரோடு முடிந்தது, தெருவில் நடக்கப் பயமில்லை. மே மாத வெயில் மட்டும் வேலூர் வெயிலுக்குக் குறைந்ததில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. "காணாமல் போனோர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை எல்லைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே "பேபத்தா பாரியேகா" என்பார்கள். ஈழத்துத் தாய்மார்கள் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று சொல்கிறார்களே, அதே பொருள்தான். தானாக யாரும் தொலைந்துபோகவில்லை. 2001 நவம்பரில் அவசரநிலை அறிவித்த பிறகு, ராத்திரியில் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பர்தியாவில் பெரும்பாலும் பாதுகாப்புப் படையினர், சில இடங்களில் மாவோயிஸ்டுகள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் மிகப் பலர் இந்தச் சமவெளியின் பழங்குடியினரான தாரு மக்கள், அடுத்தவர் நிலத்தில் உழுது பிழைத்தவர்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2008 டிசம்பரில் இந்த ஒரு மாவட்டத்துக்கென்றே அறிக்கை வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வாரத்தைச் சொல்கிறேன். கையில் நாற்பது கேள்விகள் அச்சடித்த தாள். ஒரு தாரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "உங்கள் வீட்டுக்காரர் இறந்து எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டுவிட்டேன். அந்த அக்காவின் வகிட்டில் சிந்தூரம், கழுத்தில் போத்தே மணிமாலை, கை நிறைய வளையல். எல்லாம் என் கண்ணில் பட்டது, ஆனாலும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். மாமியார் வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். திரும்பும் வழியில் எங்கள் குழுவின் மூத்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "சிந்தூரத்தை அழித்தால் அவளே அவனைக் கொன்ற மாதிரி. அழிக்காமல் இருப்பதற்கு ஊர் பேசுகிறது. இப்போது நீயும் வந்து கேட்கிறாய்." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், வாக்குமூலம் வாங்க வராதீர்கள். அந்தக் கதையை அவர்கள் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார்கள். 2015-இல் அரசு இரண்டு விசாரணை ஆணையங்கள் அமைத்தது. உண்மை, நல்லிணக்க ஆணையத்துக்கு மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல் புகார்கள் வந்தன. காணாமல் ஆக்கப்பட்டோர் ஆணையத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். எனக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் தங்கள் ஆள் எங்கே என்ற பதில் இன்னும் வரவில்லை. 2024-இல் அந்த ஆணையங்களுக்கான சட்டத்தைத் திருத்தினார்கள், மறுபடி ஆணையம், மறுபடி நம்பிக்கை. இந்த நிலையில் புதிதாக ஒரு பெண் வந்து ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால், ஏதோ நடக்கப்போகிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். ஆறு மாதத்தில் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். அந்த ஏமாற்றத்தை யார் சுமப்பது?

காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் தமேலில் இருந்துகொண்டு, இரண்டு நாள் இங்கே வந்து, அழுகிற கிழவிகளைப் படம்பிடித்துப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் ஆட்களிலும் உண்டு. பத்து வருஷமாக இந்த நாட்டில் இருந்துகொண்டு, நேபாளியில் ஒரு வரி பேசாமல், "இந்தி போதுமே" என்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. நான் ஆறு மாதத்தில் நேபாளி பேசினேன். தாரு பேச இரண்டு வருஷம் பிடித்தது. பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் திண்ணையில் பாய் விரித்தார்கள்.

இங்கே உண்மையில் ஆள் தேவைப்படுவது அலுப்பூட்டும் வேலைக்கு. மழையில் நனைந்த கோப்புகளை நகலெடுப்பது, நிவாரண விண்ணப்பத்தில் பெயர் எழுத்துப்பிழையைத் திருத்துவது, குடியுரிமைச் சான்றிதழ் வாங்க ஒரு விதவையோடு (அவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள்!) மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்திருப்பது. நிலம் கணவர் பெயரில் இருக்கும், அவர் உயிரோடு இல்லை என்று எழுதிக்கொடுத்தால்தான் மாற்ற முடியும் என்பார்கள், இவர் எழுதிக்கொடுக்க மாட்டார். வருஷக்கணக்கில் நடந்திருக்கிறோம். நான் சொல்லும் அக்காவுக்கும் அப்படித்தான். நான் மறுபடி அவர் வீட்டுக்குப் போனது ஒரு வருஷம் கழித்து, மனு எழுதிக்கொடுக்க. கணவரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது மாகி பண்டிகையில், தை பிறக்கும் அதே நாட்களில்தான் அவர்களுக்குப் புத்தாண்டு, அரிசிமாவில் செய்த திக்ரியை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார். அவராகவே பேச ஆரம்பித்தார். கணவருக்கு மீன்குழம்பு பிடிக்கும், பாட்டுக் கட்டுவார், வலது கையில் தழும்பு இருக்கும் என்று விடியும்வரை சொன்னார். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு வருஷம் என்று வீட்டில் பேசிப் பாருங்கள். தேவநாகரி எழுத்தை இப்போதே படிக்கத் தொடங்குங்கள். லக்னோவிலிருந்து ருபைடிஹாவுக்குப் பஸ் இருக்கிறது, எல்லை தாண்டினால் நேபால்கஞ்ச். என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் வந்து நிற்கிறேன்.