வெள்ளை அங்கியும் வெங்காய வேரும்

கேள்வி: விஞ்ஞானி என்றால் வெள்ளை அங்கி போட்டவர்தானா? எத்தனை வகை விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்?
– ஏழாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: அங்கியை விடு, அம்மா. "ஏன் இப்படி?" என்று கேட்டு, விடையைச் சோதித்துப் பார்க்கும்வரை ஓயாதவரே விஞ்ஞானி. விண்மீனை ஆராய்பவர் வானியலாளர், பாறையைப் படிப்பவர் நிலவியலாளர், வகைகள் ஏராளம். என் மனத்துக்கு நெருக்கமானவர் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தாவரவியலாளர். உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களை எண்ணி ஆராய்வது அவர் துறை. கோவையில் கரும்பைப் பிற புல்லினங்களோடு இனக்கலப்புச் செய்து ஆராய்ந்தார். 1945இல் ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

அந்த எண்ணிக்கை லேசான வேலையல்ல. 30 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். வெங்காயத்தின் வேர் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் நசுக்குவோம். நுண்நோக்கியில் ஓர் உயிரணுவுக்குள் 16 குரோமோசோம் இழைகள் தெரியும். முதன்முறை எண்ணி முடித்த ஒரு மாணவி, கண்ணை எடுக்க மனமில்லாமல் மறுபடி எண்ணத் தொடங்கினாள். நீயும் ஒரு வெங்காயத்தை டம்ளர் தண்ணீரின் மேல் வைத்து வேர் விடச் செய். பள்ளியில் நுண்நோக்கி இருக்கிறதா என்று நாளைக்கே உன் ஆசிரியரிடம் கேள்.