சேமக்காலையில் ஓர் ஆட்டம்: பழைய காட்டூன் ஒன்றைப் பற்றிக் கேள்வி பதில்

போன ஞாயிறு யாழ்ப்பாணத்தில் நாங்கள் போட்டுக் காட்டிய ‘ஸ்கெலிட்டன் டான்ஸ்’ பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பார்க்காதவர்களுக்கு: டிஸ்னி ஸ்ரூடியோ 1929 இல் வெளியிட்ட, ஐந்தரை நிமிடமளவு ஓடும் கறுப்பு வெள்ளைக் காட்டூன். நடுச்சாமத்தில் ஒரு சேமக்காலையில் (கல்லறைகள் உள்ள இடுகாட்டில்) நாலு எலும்புக்கூடுகள் எழும்பி ஆடுகின்றன. சேவல் கூவியதும் விழுந்தடித்துக் குழிக்குள் ஓடுகின்றன. கதை அவ்வளவுதான்.

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி: மாஸ்ரர், உண்மையைச் சொல்லுங்கோ. கதையே இல்லாத படத்தை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கினம்?

கதைக்காக இல்லை, தம்பி. தாளத்துக்காக. அதற்கு முந்தைய வருடம் வந்த மிக்கி மவுஸ் படங்களில் கூத்துத்தான் முதல், இசை அதற்குப் பின்னால் ஓடவேண்டும். இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் முன்பு பேசாத படங்களுக்குத் தியேட்டரில் ஓர்கன் வாசித்தவர். ‘இசைக்குப் படம் ஆடட்டும், அப்படி ஒரு தொடர் செய்வோம்’ என்று டிஸ்னியிடம் கேட்டது அவர்தான். ‘சில்லி சிம்பொனி’ வரிசை அப்படித் தொடங்கியது. இது அதில் முதல் படம்.

ஒரு இடத்தை மட்டும் சத்தத்தோடு பாருங்கள். ஒரு எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகில் எலும்பால் தட்டி, கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலபோன் வாத்தியம்போல வாசிக்கும் இடம். அடி விழும் அதே பிறேமில், அதாவது படச்சுருளின் அதே தனிப்படத்தில், ஒலி விழுகிறது. இன்றைக்குக் கணினியில் இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். அன்றைக்கு வரைபவர் ஒவ்வொரு அடிக்கும் எத்தனை படம் என்று கணக்குப் போட்டு வரைய, வாசிப்பவர்கள் அதே கணக்கில் வாசிக்கவேண்டும். வாத்தியகாரரின் காதுக்குள் ‘டிக் டிக்’ ஒலியைக் கொடுத்து வாசிக்கவைக்கும் முறையை இந்தப் படத்தில்தான் கையாண்டதாக ஸ்டாலிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஊர்காவற்றுறையில் இருந்து ஒரு ஐயா: பின்னணியில் வருவது செய்ன்-சான்ஸின் ‘டான்ஸ் மக்காப்’ தானே?

இல்லை, ஐயா. பெரும்பகுதி ஸ்டாலிங் எழுதியது. இடையில் நோர்வே இசையமைப்பாளர் கிரீக்கின் பூத அணிவகுப்பு இசை வருகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் செய்ன்-சான்ஸ் 1874 இல் ‘டான்ஸ் மக்காப்’ என்ற அந்த மரண நடன இசையில் எலும்பு மோதும் ஒலிக்குச் சைலபோனை வைத்ததால், எலும்புக்கூட்டைக் கண்டாலே அந்த நினைவு வந்துவிடும்.

மானிப்பாயில் இருந்து ஒரு தங்கச்சி: புகழ்ந்தது காணும், பிழைகளையும் சொல்லுங்கோவன்.

இருக்கிறது, பிள்ளை, நிறையவே இருக்கிறது. முதல் பாதியில் ஆந்தையின் முழி, ஒன்றின் மூக்கை ஒன்று இழுத்துச் சண்டை போடும் பூனைகள், மண்டையைக் கழற்றி ஆந்தைக்கு எறிந்து இறகெல்லாம் கொட்டவைப்பது என்று ஒவ்வொன்றும் புதிதாக வருகிறது. நாலும் வரிசையில் நின்று ஆடத் தொடங்கியதும் சரக்குக் குறைந்துவிடுகிறது. போன அசைவே திரும்பி வருகிறது, சில இடங்களில் இடம் வலமாக மட்டும் மாறி. செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க அன்று எல்லாரும் செய்த வேலைதான், ஆனாலும் ஐந்து நிமிடப் படத்தில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது.

அதைவிடப் பெரிய குறை, நாலும் ஒரே ஆள். ஒன்று பயந்தது, ஒன்று வாய்க்காரன், ஒன்று சோம்பேறி என்று பிரித்திருந்தால் அந்த நடுப்பகுதி தப்பியிருக்கும். டிஸ்னி ஸ்ரூடியோவே 1933 இல் ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ படத்தில் அதைச் செய்து காட்டியது.

முடிவில் மறுபடி நிமிர்ந்துவிடுகிறது. குழிக்குள் பாய்ந்த அவசரத்தில் இரண்டு பாதங்கள் வெளியே விடுபட்டுப்போகின்றன. அவை கல்லைத் தட்ட, உள்ளிருந்து ஒரு கை வந்து இழுத்துக்கொள்கிறது. படத்திலேயே ஆகச் சிறந்த பகிடி அதுதான் என்பேன்.

நல்லூரில் இருந்து ஒரு அம்மா: என்ரை மகனுக்கு நாலு வயசு. பார்த்துப்போட்டு இரவிலை பயப்படுறான். காட்டினது பிழையோ?

பிழை இல்லை, அம்மா. பயப்படுத்தியது அநேகமாக எலும்புக்கூடு நேரே கமராவை நோக்கி வந்து வாயைப் பிளந்து திரையையே விழுங்கும் இடமாக இருக்கும். பெரியவர்களே பின்னுக்குச் சாய்வார்கள். பகல் நேரத்தில், சத்தத்தைக் குறைத்து, சைலபோன் இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். நம் பிள்ளைகள் புளியமரத்து முனியைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆடுகிற பேய்க்குச் சிரித்துப் பழகிவிடுவார்கள்.

இணுவிலில் இருந்து ஒரு மாணவன்: அண்ணை, இதே மாதிரித் தவில் அடிக்கு எலும்புக்கூட்டை ஆடவைக்கலாமோ?

தவிலுக்குப் பேர்போன இணுவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்! தாராளமாகச் செய்யலாம். சினிமாவில் விநாடிக்கு 24 பிறேம். ஒரு அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, 12 பிறேம் வைத்தால், எட்டு அட்சர ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு முழுச் சுற்றுக்கு) 96 பிறேம் வரும். ஒரு படத்தை இரண்டு பிறேமுக்கு நிறுத்தினால் 48 படம் வரையவேண்டும். ஒரு அட்சரத்துக்குள் நாலு அடி வரும் சதுஸ்ர நடைக்கு 12 ஐ நாலாகப் பிரிக்கலாம், மூன்று அடி வரும் திஸ்ரத்துக்கு மூன்றாக. ஐந்து அடி வரும் கண்டத்தில்தான் சிக்கல், 12 ஐந்தால் பிரியாது. அதற்கு அட்சரத்தை 10 அல்லது 15 பிறேம் ஆக்குங்கள். வேகம் மாறும், ஆனால் அடி பிசகாது.

முதலில் தவிலைப் பதிவுசெய்யுங்கள், பிறகு வரையுங்கள். வரைந்துவிட்டுத் தவில்காரரைக் கூப்பிட்டால் அவர் உங்களைத் திட்டுவார். கால் நிலத்தில் படும் படம் அடியிலேயே விழவேண்டும். கால் உயர்ந்து நிற்கும் படத்தை அடியில் வைத்தால் ஆட்டம் பிந்துவதுபோலத் தெரியும்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு அக்கா: இதை டிஸ்னியே வரைந்தாரா?

இயக்கியவர் டிஸ்னி. வரைந்தவர், அநேகமாக முழுவதையும், அப் அயர்வர்க்ஸ். அந்தச் சைலபோன் இடம் அப்போது புதியவராக இருந்த லெஸ் கிளார்க்கின் கை. அயர்வர்க்ஸ் 1930 இல் டிஸ்னியை விட்டுப் போய், 1937 இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ‘ஸ்கெலிட்டன் ஃப்ரொலிக்ஸ்’ என்று ஏறக்குறைய இதே விஷயத்தை வர்ணத்தில் செய்தார். வழவழப்பாக இருக்கிறது, ஆனால் எனக்கு 1929 இன் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு ஆசிரியை: பள்ளிக்கூடத்தில் போட எந்தப் பிரதி நல்லது?

அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் இந்தப் படம் பொதுச்சொத்து (பதிப்புரிமை முடிந்துவிட்டது), அதனால் இணையத்தில் பல பிரதிகள் கிடைக்கும். வர்ணம் பூசியதையும் ‘60 பிறேம்’ என்று போட்டிருப்பதையும் எடுக்கவேண்டாம், ரீச்சர். இல்லாத படங்களைக் கணினி இடையில் செருகி அசைவை வழுக்கவிடும், அடியின் வெட்டுப் போய்விடும். ஸ்பீக்கரையும் ஒருமுறை சரிபாருங்கள். படம் முந்தி ஒலி பிந்தி வந்தால் போடாமல் விடுவது மேல்.