வேற்றுக்கிரகத்தாருக்கு இலங்கை வானொலி கேட்டிருக்குமா?

கேள்வி: பால்வீதியில் 10,000 கோடிக்கு மேல் விண்மீன்கள், அவற்றைச் சுற்றிக் கோள்கள் என்று படித்தோம். அப்படியானால் அறிவுள்ள ஒரு கூட்டத்தைக்கூட ஏன் இன்னும் காணவில்லை? ஒருவரும் இல்லாததால்தான் என்கிறார் என் அண்ணா.
(தரம் 10 மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: மகள், அண்ணாவின் சந்தேகம் 1950இலேயே என்றிக்கோ பெர்மி என்ற பௌதிகவியலாளருக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் நண்பர்களோடு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "எல்லாரும் எங்கே?" என்று கேட்டாராம். பால்வீதியின் குறுக்களவு ஏறக்குறைய 100,000 ஒளியாண்டு. மெதுவான கலங்களில் புறப்பட்டாலும் சில கோடி வருடங்களில் அதைச் சுற்றி முடிக்கலாம். பால்வீதிக்கு வயதோ 1,000 கோடி வருடங்களுக்கு மேல். யாராவது வந்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்விதான். அதை வைத்து ஒருவரும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் அவசரம்.

1960இல் ஃபிராங்க் டிரேக் என்ற அமெரிக்க வானியலாளர், மேற்கு வேர்ஜினியாவில் 26 மீற்றர் அன்டனா ஒன்றை இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பி, யாராவது ரேடியோ அலை அனுப்புகிறார்களா என்று கேட்டார். ஐதரசன் இயல்பாக வெளியிடும் 1420 மெகாஹேர்ட்ஸ் மீடிறனை ஒட்டித்தான் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில், அதே திசையிலிருந்து, அதே மீடிறனில், போதிய வலுவோடு ஒருவர் பேசியிருக்க வேண்டும். நாலில் ஒன்று பிசகினாலும் ஒன்றும் கேட்காது. பிறகு கருவிகள் எவ்வளவோ முன்னேறின. ஆனாலும் 2018இல் அமெரிக்க வானியலாளர்கள் மூவர் கணக்குப் போட்டபோது, இதுவரை தேடியது பூமியின் கடல்கள் அத்தனையிலும் ஒரு சின்ன நீச்சல் தடாகத் தண்ணீர் அளவே என்று வந்தது.

என் சொந்த அபிப்பிராயம் காலத்தைப் பற்றியது. பூமிக்கு வயது சுமார் 450 கோடி வருடம். நுண்ணுயிர்கள் 350 கோடி வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டன. நாம் ரேடியோ அலை அனுப்பக் கற்று 130 வருடந்தான் ஆகிறது. ஆகவே கிருமி வாழும் கோள்கள் நிறைய இருக்கலாம். ரேடியோ வைத்திருப்பவர்கள் சொற்பம். நாம் கேட்கிற காலத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அதிலும் சொற்பம். அண்ணாவோடு பாதி சமாதானமாகப் போகலாம்.

கேள்வி: கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. அந்த அலைகள் இப்போது நூறு ஒளியாண்டு போயிருக்கும். நம் பாட்டை அங்கே யாராவது கேட்டிருப்பார்களா?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வெள்ளவத்தை)

பதில்: ஐயா, இந்தக் கணக்கைக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்டிருக்கிறேன். கெடுக்க மனமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஏக்கலை ஒலிபரப்பு நிலையத்திலிருந்து புறப்பட்ட இலங்கை வானொலியின் சிற்றலை தமிழ்நாடு முழுக்கக் கேட்டதே, எப்படி? வளிமண்டலத்தின் மேற்படையான அயனமண்டலம் அலையை மடக்கித் திரும்பப் பூமிக்கே அனுப்பியது. ராத்திரியில் 31 மீற்றர் பக்கம் ஊசியை மயிரிழையாக நகர்த்திப் பிடித்த பாட்டு, கொஞ்ச நேரத்தில் அமிழும், ஒரு இரைச்சல் வரும், பிறகு தானாக எழும்பும். குமிழில் பிழை இல்லை. மேலே அந்தப் படை ஓரிடத்தில் நிற்பதில்லை. மதுரைக்கு நம் குரலைக் கொண்டுபோன அதே படைதான் விண்வெளிக்குப் போகவிடாமல் பெரும்பகுதியைத் தடுத்தது. மத்திய அலைக்கும் அதே கதி.

தப்பிப் போவது பண்பலை, தொலைக்காட்சி, ராடர். ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது 1982 பெப்ரவரியில். அந்த அலைகள் 40 ஒளியாண்டுக்கு மேல் போய்விட்டன. டிரேக் குறிவைத்த விண்மீன்களில் ஒன்றான டௌ செற்றி ஏறக்குறைய 12 ஒளியாண்டுதான். அதை எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் தூரம் இரட்டித்தால் வலு காற்பங்காகும். அவ்வளவு தூரத்தில் மிஞ்சுவதைப் பிடிக்க இன்று நம்மிடம் உள்ள எந்த அன்டனாவும் காணாது. அவர்களுடைய தொடர்நாடகம் நமக்குக் கேட்காததும் அதே காரணத்தால் இருக்கலாம். போதாக்குறைக்கு இப்போது பல வீடுகளில் டிவி ஃபைபர் வயரில் வருகிறது. அதிலிருந்து வெளியே கசிய ஒன்றும் இல்லை. அங்கேயும் அப்படியானால், தற்செயலாக ஒட்டுக்கேட்பதற்குக் கிடைக்கும் காலம் இன்னும் சுருங்கிவிடும்.

கேள்வி: விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இதைப் பற்றிச் சொன்னது?
(வாசகர், மொரட்டுவை)

பதில்: 2007 டிசம்பரில், 90ஆவது பிறந்தநாளுக்குக் கொழும்பிலிருந்து வெளியிட்ட வீடியோவில் மூன்று ஆசைகள் சொன்னார்: வேற்றுலக உயிருக்கு ஆதாரம், எண்ணெயை நம்பியிருப்பதிலிருந்து விடுதலை, இலங்கையில் நிலையான சமாதானம். அடுத்த மார்ச்சில் காலமானார்.

கேள்வி: 1977இல் விண்வெளியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் "வாவ்" என்ற ரேடியோ சமிக்ஞை ஆதாரம் இல்லையா?
(வாசகி, தெஹிவளை)

பதில்: அது ஓகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கியில் 72 வினாடி பதிவானது. அந்தத் தொலைநோக்கி வானத்தைத் தொடர்ந்து திரும்பாது. பூமி சுழலும்போது ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க அவ்வளவு நேரந்தான் பிடிக்கும். பிறகு பலர் தேடியும் அந்தத் திசையில் அது மறுபடி வரவில்லை. மறுபடி வராததை ஆதாரம் என்று என்னால் எழுத முடியாது, அம்மா. அவுஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கியில் வருடக்கணக்கில் ஒரு விசித்திரமான துடிப்பு வந்துகொண்டிருந்தது. 2015இல் ஆளைப் பிடித்தார்கள்: அங்கேயிருந்த மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடிவதற்குள் யாரோ கதவைத் திறக்கிறபோதெல்லாம் துடிப்பு வந்திருக்கிறது. இனி "சமிக்ஞை கிடைத்தது" என்று செய்தி வந்தால், வேறொரு நாட்டுத் தொலைநோக்கியும் அதைக் கேட்டதா என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.