நித்தியகல்யாணி இலை மென்றால் சர்க்கரை குறையுமா? அதில் என்ன இருக்கிறது?

இலையில் விண்டோலின், விண்டோலினின், விண்டோலிசின் போன்ற ஆல்கலாய்டுகள் (செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் கொண்ட சேர்மங்கள்) இருக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த தசை, கணையச் செல்களில் இவை குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் கூட்டின. இவற்றில் சில, இன்சுலின் சமிக்ஞையைத் தணிக்கும் பிடிபி1பி நொதியையும் தடுத்தன. குளுக்கோஸ் உறிஞ்சலைக் கூட்டுவதில் விண்டோலிசின்தான் முந்தியது. ஆனால் செல்லில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஆக்சிஜனேற்றத் தடுப்புக்குக் குளோரோஜெனிக் அமிலம், குவெர்செட்டின், கேம்ப்ஃபெரால் வகைகள் உண்டு. இந்தத் தடுப்பாற்றலைச் சோதிக்க உதவும் ஊதா நிற டிபிபிஎச் கரைசலில் இலைச் சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கும். அந்த வெளுப்பை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். மெத்தனால் என்ற கரைப்பானில் எடுத்த சாற்றில் வந்த அளவை வைத்து வீட்டுக் கஷாயத்தை எடைபோடாதீர்கள்.

சிக்கல் வேறிடத்தில். 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரு ஆய்வாளர்களும் ஜமைக்கா இலையைச் சர்க்கரைக்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை அசையவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. அப்படிக் கிடைத்ததுதான் புற்றுநோய் மருந்து வின்பிளாஸ்டின். ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள், உண்மைதான். அதனால் நாலு இலை பாதுகாப்பு என்று ஆகிவிடாது. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்த்தால் தாழ்சர்க்கரை வரலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.