ஆறேழு நிமிடமும் ஓர் ஆர்கெஸ்ட்ராவும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினான்கு வயது. மேற்கத்திய வயலின் கற்கிறாள், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு பரீட்சைகள் எழுதி வருகிறாள். யூரோவிஷன் இளம் இசைக் கலைஞர்கள் போட்டியின் 2018 இறுதிச் சுற்றை இருவரும் யூடியூபில் பார்த்தோம். நம் சேனல் போட்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு ஆச்சரியம். நடுவர்கள் யாரையும் மேடையில் நிற்க வைத்து விமர்சிக்கவில்லை, எந்தக் குழந்தையும் அழவில்லை, எஸ்எம்எஸ் ஓட்டு கிடையாது. ஆனாலும் சில சந்தேகங்கள். 2018இல் பியானோ ஜெயித்தது, அதற்கு முந்தைய முறை சாக்ஸபோன். இவற்றையெல்லாம் ஒரே தராசில் எப்படி வைக்கிறார்கள்? அரை மணி நேர இசையில் ஆறேழு நிமிடத்தை வெட்டியெடுத்து வாசிப்பது நியாயமா? பரிசு வாங்கியவர்கள் பிற்பாடு பெரிய கலைஞர்கள் ஆனார்களா? மகள் தானும் ஒரு டிவி போட்டிக்குப் போக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

அந்தப் போட்டியை நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். பிபிசி, ஆஸ்திரியாவின் ஓஆர்எஃப் போன்ற பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு அது. 1956 முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நடத்துவதும் இவர்கள்தான். அங்கே மினுமினுக்கும் உடை, புகை, நேயர் ஓட்டு, பக்கத்து நாட்டுக்காரருக்குப் பாசத்தோடு போடும் புள்ளி எல்லாம் உண்டு. (அத்தனை கூத்துக்கும் முன்னால் ஒலிக்கிற எக்காள முழக்கம் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் ஷார்பாந்தியே எழுதிய தேவாலய இசை என்பது வேடிக்கை.) பிபிசி 1978இல் பிரிட்டனுக்குள் ஓர் இளம் கலைஞர் போட்டியைத் தொடங்கியது. முதல் பரிசு டிராம்போன் என்ற ஊதுவாத்தியம் வாசித்த ஒரு பையனுக்குப் போனது. அதைப் பார்த்து 1982இல் மான்செஸ்டரில் ஆறு நாடுகளோடு ஐரோப்பியப் போட்டி ஆரம்பமானது. தொழில்முறைக் கலைஞராகிவிடாத, 21 வயதுக்கு மேற்படாத பிள்ளைகள், வாத்தியம் மட்டும், பாட்டு கிடையாது. நேயர் ஓட்டு இல்லாததால் நேயரை அழவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் மூன்று இடங்களை மட்டும்தான் அறிவிப்பார்கள். நான்காவது யார், கடைசி யார் என்பது வெளியே வராது. நம் சேனல்காரர்கள் இந்த ஒரு விதியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

தராசு விஷயம். நீங்கள் சந்தேகப்படுவது சரிதான், தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. 1982 முதல் 2024 வரை நடந்த 21 போட்டிகளில் பத்தில் வயலின் ஜெயித்திருக்கிறது, ஐந்தில் பியானோ, இரண்டில் செல்லோ. காற்று வாத்தியம் ஒன்று ஜெயிக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரேக்கத்தின் டியோனிசிஸ் கிராமெனோஸ் கிளாரினெட்டோடு வந்து அதைச் செய்தார். இதை நடுவர்களின் பாரபட்சம் என்று நான் சொல்ல மாட்டேன். வயலின்காரருக்கு பிராம்ஸ், சிபேலியஸ், சைகோவ்ஸ்கி போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் எழுதியதே எடுத்து வாசிக்க மலைபோல் இருக்கிறது. சாக்ஸபோன் பிறந்ததே 1840களில், பெரிய இசையமைப்பாளர்கள் பலர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. (நாம் கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் இந்தப் புறக்கணிப்பு நமக்குப் புரிவது கஷ்டம்.) 2012இல் நார்வேக்காரர் ஒருவர் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவில் பார்டோக்கின் கான்செர்ட்டோவை (ஒரு தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கிற நீண்ட இசை) வாசித்து ஜெயித்தார். பார்டோக் 1945இல் இறந்தபோது அது வெறும் குறிப்புகளாகக் கிடந்தது, டிபோர் செர்லி என்பவர்தான் அதை முழுமையாக்கினார். வயோலாவுக்கென்று இருக்கிற பெரிய கான்செர்ட்டோக்களில் ஒன்றின் நிலைமையே இது. எதை வாசிக்கலாம் என்ற இடத்திலேயே பாதி வித்தியாசம் வந்துவிடுகிறது.

வெட்டுவது நியாயமா என்றால், இல்லை. 2018இல் எடின்பரோவில் ரஷ்யாவின் இவான் பெஸ்ஸோனோவ் வாசித்தது சைகோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதி. முழுதும் வாசித்தால் 35 நிமிடம் ஆகும், அதில் முதல் பகுதியே இருபது நிமிடம். கடைசிப் பகுதிதான் நேரக் கட்டுக்குள் அடங்கும். வேகமாகவும் இருக்கும், கைதட்டலோடு முடியும். (அதன் மெட்டு ‘வெளியே வா, இவான்கோ’ என்று அழைக்கிற உக்ரேனிய நாட்டுப்பாட்டு. வாசித்தவர் பெயரும் இவான்.) இப்படியே எல்லாரும் கடைசிப் பகுதியை எடுத்தால், மெதுவான நடுப்பகுதியில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நம்மை உட்கார வைக்கிற பிள்ளைக்கு இடமில்லாமல் போகிறது. டிவிக்குக் கண்ணால் அளக்கக் கூடியது வேண்டும், விரல் வேகத்தை எவரும் அளக்கலாம். 2019இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் நம் சென்னைப் பையன், பியானோ வாசிக்கிற லிடியன் நாதஸ்வரம் பத்து லட்சம் டாலர் ஜெயித்தது நினைவிருக்கும். ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டுப் பறத்தல்’ என்ற இசையை நிமிடத்துக்கு 208 தாளத் தட்டு வேகத்தில் வாசித்துவிட்டு, அப்புறம் 325இல் வாசித்தார். அந்தப் பையனுக்கு வேகத்தைத் தாண்டியும் இசை தெரியும். ஆனால் அந்த நிகழ்ச்சி அவரிடம் கேட்டது வேகத்தைத்தான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு அந்தப் போட்டியை நான் ஏன் விடாமல் பார்க்கிறேன்? ஆர்கெஸ்ட்ராவுக்காக.

உங்கள் மகள் ஒரு கான்செர்ட்டோ கற்றுக்கொண்டிருந்தால், ஆர்கெஸ்ட்ரா பகுதியை யாராவது பியானோவில் வாசிக்க, அதோடு சேர்ந்து பழகியிருப்பாள். இல்லையென்றால் தாளம் தட்டுகிற கருவியான மெட்ரோனோம். உலகம் முழுக்க அப்படித்தான், பெரும்பாலான மாணவர்களுக்கு உண்மையான ஆர்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியக்காரராக நிற்கிற வாய்ப்பு வாழ்நாளில் வருவதே இல்லை. சுருதிப் பெட்டியோடு மட்டும் பாடிப் பழகியவர் முதல்முறை மிருதங்கத்தோடு மேடையில் உட்காருவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தே சமாளித்துவிடுவார். அறுபது எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா அவ்வளவு சட்டென்று வளையாது. பதினைந்து மீட்டர் பின்னால் இருக்கும் டிரம்பெட்டின் ஓசை வந்து சேர ஏறக்குறைய நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். காதை மட்டும் நம்பினால் பின்தங்கிவிடுவோம், ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டரின் கோலை மட்டும் நம்பினால் பக்கத்தில் இருக்கிற கிளாரினெட் மூச்சு எடுத்து வாக்கியத்தை முடிப்பது தெரியாமல் போகும். ஒரு சின்ன வயலின் அத்தனை பேருக்கும் மேலே கேட்க வேண்டும், அதற்காக வில்லை அழுத்தினால் நாதம் கரகரக்கும். அறைக்குள் எவ்வளவு பழகினாலும் இதில் பாதிகூட வராது. பதினாறு வயதுப் பிள்ளை இதை ஒத்திகையில் பிடித்துக்கொண்டு, மறுபடி மேடையில் நேரலையில் செய்கிறது. அந்தப் பிள்ளை கண்டக்டரைத் திரும்பிப் பார்க்கிற ஒரு கணம் எப்படியும் வரும், மகளோடு மறுபடி பார்க்கும்போது அதைக் கவனியுங்கள். கூட வாசிப்பவர்களைக் கேட்டு வாசிக்கிறவர் யார், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. எடின்பரோவில் பின்னால் உட்கார்ந்திருந்தது பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பொனி. 2014, 2016இல் கொலோன் பேராலயத்துக்குப் பக்கத்துத் திறந்தவெளியில் நடந்தபோது, ஜெர்மனியின் டபிள்யூடிஆர் வானொலியின் ஆர்கெஸ்ட்ரா. நேயர் கட்டுகிற கட்டணத்திலோ வரியிலோ மாதச் சம்பளம் வாங்கும் கலைஞர்கள் இருக்கிற இடத்தில்தான் ஒரு சிறுவனுக்காக அத்தனை பேர் ஒத்திகைக்கு உட்கார முடியும். அங்கேயும் இது நிரந்தரம் இல்லை. 2023இல் ஓஆர்எஃப் தன் வியன்னா வானொலி ஆர்கெஸ்ட்ராவையே கைவிடப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது பிழைத்தது. நம் ஆகாசவாணியும் 1952இல் ரவிஷங்கரையும் டி.கே.ஜெயராம அய்யரையும் வைத்து வாத்ய விருந்தா என்ற ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியது. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை அதன் முன்னால் தனியாக நிற்க வைத்து டிவியில் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

பரிசு வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. 1988இல் ஜெயித்த ஜூலியன் ராக்லின் இன்றும் பெரிய வயலின் கலைஞர். அந்த ஆண்டு இரண்டாவதாக வந்த நார்வேயின் லைஃப் ஊவே ஆன்ஸ்னெஸ் இன்று உலகின் முன்னணி பியானோக்காரர்களில் ஒருவர். 1996இல் லிஸ்பனில் ஜெயித்த ஜூலியா ஃபிஷர், 2008இல் பிராங்க்பர்ட்டில் ஒரே கச்சேரியில் சான்-சான்ஸின் வயலின் கான்செர்ட்டோவையும் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவையும் வாசித்தவர். ஆனால் லிஸ்பனுக்கு முந்தைய ஆண்டே மெனுஹின் வயலின் போட்டியின் இளையோர் பிரிவில் ஜெயித்துவிட்டார். யூரோவிஷன் அவரை உருவாக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற பலருடைய பெயர் இசைத் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நல்ல ஆர்கெஸ்ட்ராவில் வேலை, மாணவர்கள், வருடத்துக்குச் சில கச்சேரிகள் என்று நிம்மதியாக இருப்பவர்களும் அவர்களில் உண்டு. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. நான் சொன்ன கிராமெனோஸ் பிறகு கண்டக்டராகி, 2017இல் கிரீஸில் இளைஞர்களுக்கென்றே ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தார். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

இப்போது உங்கள் மகள். ஜெர்மனியில் 1963 முதல் யுகென்ட் முசிட்சியர்ட் என்ற இளையோர் போட்டி நடக்கிறது. டிவி வெளிச்சம் எல்லாம் கிடையாது. புள்ளி போடுவார்கள், தகுதி இருந்தால் ஒரே பிரிவில் பல பேருக்கு முதல் பரிசு உண்டு. முக்கியமாக, இரண்டு பேராக, நான்கு பேராகச் சேர்ந்து வாசிப்பதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. நமக்கு அந்த ஏற்பாடு இல்லை, சரி. ஆனால் சென்னையில் வயலின் கற்கும் இன்னொரு பிள்ளை, ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று மூன்று பேரைத் தேடுவது அவ்வளவு கடினம் இல்லை, வயோலாதான் கொஞ்சம் திண்டாட்டம். ஹைடன் நான்கு வாத்தியங்களுக்கென்று எழுதிய எளிய நால்வர் இசை ஒன்றை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கட்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு வயலின் வாசிக்க ஆள் தேவைப்படும், பின்வரிசையில் இடம் கேளுங்கள். கிரேடு பரீட்சையில் வராத ஒன்று, அடுத்தவர் தப்பு செய்யும்போது நிறுத்தாமல் போவது எப்படி என்பது, அங்கே வந்துவிடும்.

போட்டிக்கு அனுப்புவதா என்றால், விண்ணப்பம் போடும் முன் நடத்துகிறவர்களுக்கு ஒரு போன் போட்டு, பிள்ளை எதோடு வாசிக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பதிவுசெய்த டிராக் போடுவோம் என்றால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு பியானோக்காரர் உட்காருவார், முந்தின நாள் ஒத்திகையும் உண்டு என்றால் தாராளமாக அனுப்புங்கள். அதில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தாலும் பரவாயில்லை.