பூஜ்யம் போடணுமா, வேண்டாமா?

போன இதழில் ‘தொலைபேசி எண்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று ஒரு மூலையில் சின்னதாகத்தான் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி பூஜ்யத்தைப் பற்றியே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கே: வீட்டு லேண்ட்லைனில் இருந்து மகனின் மொபைலுக்கு அடித்தால் ‘முன்னால் பூஜ்யம் சேர்த்து டயல் செய்யவும்’ என்கிறது. என் மொபைலில் இருந்து அடித்தால் பூஜ்யம் இல்லாமலே போகிறது. ஒரே நம்பருக்கு எதற்கு இரண்டு நியாயம்? (காரைக்குடி வாசகர்)

ப: இரண்டு போனும் நம்பரை அனுப்புகிற விதமே வேறு சார். மொபைலில் பத்து எண்ணையும் அடித்து, ஒரு தடவை பார்த்துவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்குகிறீர்கள். நம்பர் மொத்தமாகப் போய்ச் சேருகிறது. லேண்ட்லைனில் பச்சைப் பொத்தான் ஏது? ரிசீவரை எடுத்ததுமே எக்ஸ்சேஞ்ச் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், நீங்கள் அமுக்க அமுக்க ஒவ்வொரு எண்ணாக வாங்கிக்கொண்டே ‘இது எங்கே போகிற கால், இன்னும் எத்தனை எண் வரவேண்டும்’ என்று அப்போதைக்கப்போது முடிவு செய்துகொண்டே போகும். முதலில் 1 வந்தால் போலீஸ், ஆம்புலன்ஸ் மாதிரி ஏதோ சிறப்புச் சேவை. 2 வந்தால் உள்ளூர் வீடு. உங்கள் காரைக்குடியில் மொத்தம் ஆறு எண் வந்ததும் மணி அடித்துவிடலாம், சென்னையில் எட்டு வரும் வரை பொறுக்கவேண்டும். 0 வந்தால் ஊர் தாண்டிப் போகிறது.

இதில் மொபைல் எங்கே வந்து மாட்டுகிறது என்றால், பல வருடம் லேண்ட்லைனில் இருந்தும் மொபைல் நம்பரை அப்படியே பத்து எண்ணாக அடித்தோம். 9 வந்தால் மொபைல் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், உள்ளூர் வீடு எதுவும் 9இல் தொடங்காது. சரி, 9 தீர்ந்தது, 8 கொடுத்தார்கள், 7 கொடுத்தார்கள், 6 வரைக்கும் இறங்கி வந்தாயிற்று. அதற்குக் கீழே இறங்க முடியாது. 24 என்று தொடங்கும் மொபைல் நம்பர் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். சென்னை லேண்ட்லைனில் இருந்து ஒருவர் அதை அடிக்கிறார். எட்டாவது எண்ணை அமுக்கியதுமே எக்ஸ்சேஞ்ச் ‘வந்தாச்சு’ என்று யார் வீட்டிலோ மணி அடித்துவிடும், மிச்சம் இரண்டு எண் கையிலேயே நிற்கும்.

அதற்குத்தான் 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து மொபைலுக்கு 0 கட்டாயம் என்றார்கள். 0 வந்துவிட்டால் பின்னால் பத்து எண் வரும் என்று எக்ஸ்சேஞ்ச் பேசாமல் காத்திருக்கும். எஸ்டிடி கோடும் (ஊருக்கு ஊர் மாறும் எண்) உள்ளூர் எண்ணும் சேர்த்தாலும் பத்துதான் (சென்னைக்கு 2+8, கோவைக்கு 3+7, காரைக்குடிக்கு 4+6), மொபைலும் பத்துதான். பெங்களூருக்கு 080 என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் 801 என்று தொடங்கும் மொபைல்களும் இருக்கின்றன, சண்டை இல்லை, ஏனென்றால் பெங்களூர் லேண்ட்லைன் எதுவும் 1இல் தொடங்காது. இப்படி இடுக்குகளில் கிடந்த எண்கள் எல்லாம் இந்த ஒற்றைப் பூஜ்யத்தால் விடுபடுகின்றன. மொத்தம் 254.4 கோடி எண்கள் கிடைக்கும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்குச் சொன்னது. நீங்கள் ஒரு தடவை கூடுதலாக அமுக்குவதற்கு இது மோசமான பேரம் இல்லை என்பது என் கட்சி.

கே: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி எங்கள் கடை கார்டைப் பார்த்து அடித்தால் ‘எண் தவறு’ என்று வருகிறதாம். கார்டில் +91 044 என்று சரியாகத்தானே அச்சடித்திருக்கிறோம்? (சென்னை வாசகி)

ப: அச்சடித்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். +91ம் 0வும் ஒன்றாக வரக்கூடாது. 0 என்பது சென்னையின் நம்பரில் ஒரு பகுதியே இல்லை, சென்னையின் கோடு வெறும் 44. நாட்டுக்குள் இருந்து அடிப்பவர் ‘நான் ஊர் தாண்டுகிறேன்’ என்று எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் சாடைதான் 0. வெளிநாட்டில் இருந்து வருபவர் 91 என்ற வாசல் வழியாக நேராக உள்ளே வந்துவிட்டார், அவருக்கு அந்தச் சாடை எதற்கு? +91 44, பிறகு எட்டு எண், அவ்வளவுதான். அந்த + குறியும் எண் கிடையாது, ‘உங்கள் நாட்டில் வெளிநாட்டுக்கு அடிக்க என்ன போடுவீர்களோ அதைப் போடுங்கள்’ என்று அர்த்தம். நமக்கு அது 00. மொபைலில் + போட்டாலே மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

(இத்தாலி மட்டும் இதில் தனி ரகம். அங்கே லேண்ட்லைனுக்கு வெளிநாட்டில் இருந்து அடித்தாலும் 0வை விடக்கூடாது. அங்கே யாராவது சொந்தக்காரர் இருந்தால் நினைவில் வையுங்கள்.)

கே: நமக்கு ஏன் 91? யார் முடிவு செய்தது? (திண்டுக்கல் வாசகர்)

ப: ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1960களில் உலகத்தையே ஒன்பது மண்டலமாகப் பிரித்தார்கள், தெற்காசியாவும் மேற்காசியாவில் பெரும்பகுதியும் 9இல் விழுந்தது. பாகிஸ்தான் 92, இலங்கை 94, மியான்மர் 95, ஈரான் 98 என்று அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்தாலே தெரியும். சிங்கப்பூர் 65, மலேசியா 60 என்பதால் அவர்கள் வேறு தெரு. நாட்டுக் கோடு சேர்த்து மொத்தம் 15 எண்ணுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகம் முழுக்க ஒரே விதி.

கே: டெல்லிக்கு 11, மும்பைக்கு 22, கொல்கத்தாவுக்கு 33, சென்னைக்கு 44. அழகுக்காகக் கொடுத்ததா? அப்புறம், எந்த வீட்டு நம்பரும் 1இல் தொடங்கிப் பார்த்ததே இல்லையே, ஏன்? (நாகர்கோவில் வாசகர்)

ப: முதல் எண் திசை மாதிரி. 1 வடக்கு, 2 மேற்கு, 3 கிழக்கு, 4 தெற்கே தமிழ்நாடும் கேரளமும். அதனால்தான் மதுரை 452, திருச்சி 431, திருவனந்தபுரம் 471, உங்கள் ஊர் 4652. உத்தரப் பிரதேசம் 5இல் இருக்கிறது, கர்நாடகமும் ஆந்திரமும் 8இல். ஐதராபாத் மட்டும் 40 என்று நம் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். பெரிய ஊருக்குக் கோடு சின்னது, ஏனென்றால் அங்கே வீட்டு எண்ணுக்கு இடம் அதிகம் வேண்டும்.

1இன் கதைக்கு அந்தக் காலத்துச் சுழற்றும் போனுக்குப் போகவேண்டும். விரலை ஓட்டையில் விட்டுச் சுற்றி விட்டால் டயல் கிர்ர்ர் என்று திரும்பி வரும்போது லைனை வெட்டி வெட்டிச் சேர்க்கும். 4 என்றால் நான்கு வெட்டு, 9 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. நொடிக்குப் பத்து வெட்டு. எக்ஸ்சேஞ்ச் அந்த வெட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் டயலுக்குச் சின்னதாக ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள், சாவி மேனேஜர் இடுப்பில். நாங்கள் என்ன செய்வோம், ரிசீவர் வைக்கிற இடத்தில் இருக்கும் அந்தக் கட்டையை விரலால் டக் டக் டக் என்று தட்டுவோம். மூன்று தட்டு என்றால் 3. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த எண். தாளம் பிசகினால் வேறு யாருக்காவது போகும். 0 வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகப் பத்துத் தட்டு, அதில் நான் ஒருநாளும் பாஸானதில்லை, அதனால் என் திருட்டுத்தனம் எல்லாம் உள்ளூரோடு நின்றது.

இப்போது யோசியுங்கள். ரிசீவரை எடுக்கும்போது கை பட்டு அந்தக் கட்டை ஒருமுறை அமுங்கினாலே, காற்றில் இரண்டு கம்பி உரசினாலே ஒரு வெட்டு விழுந்துவிடும், அதாவது 1. தானாக வந்து விழக்கூடிய எண்ணை வீட்டு நம்பருக்கு முதலில் வைத்தால் ராங் நம்பர்தான். பிரிட்டனில் 1937இல் அவசர எண்ணுக்கு 111 வேண்டாம், 999 போதும் என்று முடிவு செய்ததற்கும் இந்தக் கம்பி உரசல் ஒரு காரணம். நம்மிடம் 1இல் தொடங்குவது சிறப்புச் சேவைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்: 100, 101, 108, இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து 112, இணைய மோசடியில் பணம் போனால் 1930. டயலும் வெட்டும் போய்விட்டன, அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது.

கே: எஸ்டிடி வருவதற்கு முன் எப்படிப் பேசினார்கள்? என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். (தஞ்சாவூர் வாசகி)

ப: எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரிடம் சொல்லி டிரங்கால் (அவர் இணைத்துத் தரும் வெளியூர் கால்) புக் பண்ணிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், அம்மா. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த விலை. நேராக நாமே வெளியூருக்கு டயல் செய்வது இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில்தான் முதலில் வந்தது. பேத்தியிடம் இரவுக் கட்டணத்துக்காக பூத் வாசலில் நின்ற வரிசையையும் சொல்லிவையுங்கள்.

கே: நம்பரின் முதல் எண்களைப் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று என் மாமா சொல்லிவிடுவார். உண்மையா? (கோவை வாசகர்)

ப: ஒரு காலத்தில் உண்மை. மொபைல் எண்களைக் கம்பெனிக்கு லட்சம் லட்சமாகத்தான் ஒதுக்கினார்கள், முதல் ஐந்து எண் பார்த்தால் கம்பெனியும் வட்டாரமும் தெரியும். 98400 என்றால் சென்னை, 94430 என்றால் சென்னை தவிர்த்த தமிழ்நாட்டு பிஎஸ்என்எல். இன்றும் பலர் நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். 2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்று வந்தது, 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலமும் போகலாம் என்றாயிற்று. அதிலிருந்து மாமாவின் ஜோசியம் பலிப்பது குறைந்துவிட்டது. இப்போது நீங்கள் கால் செய்தால் உங்கள் கம்பெனி முதலில் ஒரு பொதுப் பதிவேட்டைப் பார்க்கும், ‘இந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது’ என்று. பதில் வந்ததும் நம்பருக்கு முன்னால் ஒரு வழிகாட்டி எண்ணை ஒட்டி அனுப்பும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கே: 1800, 140, 1600, இதில் எதை எடுக்கலாம்? (சேலம் வாசகர்)

ப: 1800 நீங்கள் அடித்தால் உங்களுக்குக் காசு இல்லை. 1860க்குக் காசு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 140 என்று தொடங்கினால் விளம்பரம், எடுப்பதும் எடுக்காததும் உங்கள் மனசு. 1600 வங்கி, காப்பீடு போன்றவர்கள் வாடிக்கையாளரை அழைப்பதற்கு என்று ஒதுக்கியது. பத்து எண் மொபைலில் இருந்து ‘பேங்க்கில் இருந்து பேசுகிறோம்’ என்று வந்தால் வைத்துவிடுங்கள். 1600இல் இருந்து வந்தாலும் ஓடிபி மட்டும் சொல்லாதீர்கள்.

கே: புது சிம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. யாரோ ஒருவர் வாங்கிய கடனுக்கு என்னைக் கேட்டுத் தினமும் போன். நான் என்ன பாவம் செய்தேன்? (ஈரோடு வாசகர்)

ப: பழைய நம்பர் உங்களிடம் வந்திருக்கிறது. ஒருவர் விட்டுவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுப்பார்கள், எண்கள் அளவானவை என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. கடன் கொடுத்தவர்களிடம் சிம் வாங்கிய தேதியைச் சொல்லி எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். அதைவிட முக்கியம் இதன் மறுபக்கம்: நீங்கள் விட்டுவிட்ட பழைய நம்பர் இந்நேரம் யார் கையிலோ இருக்கும். வங்கிக் கணக்கு, ஆதார், மின்னஞ்சல் எதிலாவது அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடிபி அவர்களுக்குப் போகும். இன்றைக்கே மாற்றுங்கள்.

கே: மொபைல் நம்பர் 11 எண் ஆகப்போகிறது, 13 ஆகப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறதே? (திருநெல்வேலி வாசகர்)

ப: 13 எண் என்பது 2018இல் வந்தது, ஆனால் அது மனிதர்களுக்கு இல்லை. கார்டு தேய்க்கும் கருவி, மின் மீட்டர், வண்டியில் பொருத்தும் ஜிபிஎஸ் பெட்டி, இவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிம்களுக்கு. 11 எண் வதந்தி 2020இல் கிளம்பியது, அப்படி எதையும் பரிந்துரைக்கவில்லை என்று டிராயே மறுத்தது. உண்மையில் மாறக்கூடியது லேண்ட்லைன்தான். பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தாலும் 0, எஸ்டிடி கோடு, பிறகு எண் என்று முழுசாக அடிக்கவேண்டும் என்று 2025 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்திருக்கிறது. அது வந்தால் நெல்லைக்குள்ளேயே எதிர்வீட்டுக்கு 0462 போடவேண்டியிருக்கும். எதிர்வீட்டில் இன்னும் லேண்ட்லைன் இருந்தால்.